வலது காது

வண்ணார்பேட்டை டிப்போவுக்கு எதிரே
என் கடையில், நாலரைக்கு மேல்,
இரண்டு சோடா பாட்டில்கள் சண்டை போடும்.
கோலிசோடா, அருமைநாயகம்.
பன்னீர்சோடா, யாரோ ஒருத்தன்.
அந்த யாரோ ஒருத்தன் என் அப்பா.
அது அவர்களுக்குத் தெரியாது.

"இருநூத்திப் பத்து பவுண்டு வே,
விறகுக்கடைத் தராசுல நிறுத்தது" என்பார் எஸ்தாக்கி.
"விறகுக்கடைத் தராசா? அப்போ பத்தைக் கழிச்சுக்கிடும்."
இது மைதீன் பிச்சை,
பஸ் கிளம்பும் நேரம் எழுதியே நரைத்தவர்.
"அவன் யாரை அடிச்சான், சொல்லும்.
மில் வாட்ச்மேன் ரெண்டு பேரு.
கொல்லத்துலேருந்து வந்த ஒரு சமையல்காரன்.
தூத்துக்குடி ஹார்பர்ல மூட்டை தூக்குனவன்.
அது மூட்டையை அடிச்ச மாதிரிதானே?
இன்னைக்கு ஒரு பட்டாளத்துப் பையனை இறக்குனா
ரெண்டு ரவுண்டு தாங்குவானா?"

எஸ்தாக்கி எழுந்து நின்று காட்டுவார்.
எழுபது வயது முட்டி 'கடக்' என்னும்.
"கால் நகராது, ஒத்துக்கிடுதேன்.
கால் எதுக்கு வே?
எதிராளி வருவாம்லா, வரட்டும்னு நிப்பான்.
வலது கை சும்மா பேச்சுக்கு.
இடது கை இடுப்புகிட்ட இருந்து
காத்துல வாசக்கதவு சாத்துத மாதிரி வரும்."
வடைச்சட்டியில் எண்ணெய் தெறிக்கும்.
நான் கரண்டியை மாற்றிப் பிடிப்பேன்.

பிறகு கோமதிநாயகம்.
மின்வாரியத்தில் கணக்கெழுதியவர்,
எதற்கும் ஒரு பற்று, ஒரு வரவு.
"பாளையங்கோட்டை பொருட்காட்சி. அறுபத்திரண்டு.
எதிரே நின்னவன் காசு வாங்கிட்டு விழுந்தான்.
மறுவாரம் பசுமாடு பிடிச்சான்.
அந்த ஒரு சண்டையை எடுத்துட்டா
உம்ம அருமைநாயகத்துக்கு என்ன மிச்சம்?"

பசுமாடு உண்மை.
கருப்பு. அம்மா அதற்கு வைத்த பேர் பொருட்காட்சி.
அதன் பாலில்தான் எனக்கு எலும்பு வந்தது.

காசும் உண்மை.
நூற்றைம்பது ரூபாய்,
நாலாவது ரவுண்டில் விழுவதற்கு.
அருமைநாயகத்திடம் யாரும் அதைச் சொல்லவில்லை.
அவர் மூன்றாவதிலேயே அடித்துவிட்டார்.

"ஏட்டி, விழத்தான் போனேன்"
அப்பா ஒரே ஒரு தடவை சொன்னார்,
தீபாவளி எண்ணெய் வழிய முற்றத்தில் உட்கார்ந்து,
"விழுததுக்கு முன்னாலேயே விழுந்துட்டேன்."
சிரித்தார். வலது காதைத் தேய்த்துக்கொண்டார்.

அந்தக் காது பிறகு கேட்கவே இல்லை.
ஒன்பதாம் வகுப்பில் ஃபெயிலானது,
தையல்காரர் மகன் கொடுத்த கடுதாசி,
எல்லாவற்றையும் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்,
வலது பக்கமாக உட்கார்ந்து.

இவர்களிடமும் சொல்லிவிடலாம். வாய்வரை வரும்.
எஸ்தாக்கியும் ஜெயிப்பார், கோமதிநாயகமும் ஜெயிப்பார்,
மைதீன் பிச்சை எத்தனையாவது நிமிஷம் என்று கேட்பார்.
மறுநாள் பேச ஒன்றுமிருக்காது,
இருபது வடை மிஞ்சும்.

வடை மட்டும் காரணமில்லை.
எண்பத்தொன்றில், மழை விட்ட ஒரு மத்தியானம்,
நிலையில் இடிக்காமல் குனிந்து
ஒரு ஆள் வந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது.
காப்பி குடித்தார்.
பொருட்காட்சியின் பேத்தியைத் தடவிக்கொடுத்தார்.
கிளம்பும்போது அப்பாவின் பக்கத்தில் நின்று,
கேட்கக் கூடாததைக் கேட்பவர் போல் மெதுவாக,
"சொரிமுத்து, அன்னைக்கு நெசமாத்தான் விழுந்தியா?"

நின்றது வலது பக்கம்.
அப்பா குடையை எடுத்துக் கொடுத்தார்.
"மழை திரும்ப வரும்" என்றார்.

கேட்டிருக்காது என்றே வெகுநாள் நினைத்தேன்.
ஆனால் அவருக்கு உதடு படிக்கத் தெரியும்.
தையல்காரர் மகன் வீட்டோடு
அவரே போய்ச் சம்பந்தம் பேசியபோதுதான்
எனக்கே அது புரிந்தது.

கோமதிநாயகம் பன்னீர்சோடாவை விரலால் சுண்டுகிறார்.
சாய்கிறது, உருள்கிறது,
மேஜை விளிம்பில் பிடித்துவிடுகிறேன்.
"உடைஞ்சா பாட்டிலுக்கும் காசு தரணும்"
என்கிறேன், பொதுவாக.